நன்னடத்தை அலுவலர் ஆக ஆசைப்படும் எம்.எஸ்.டபிள்யூ. மாணவிக்கு

"எம்.எஸ்.டபிள்யூ. (முதுகலைச் சமூகப்பணி) கடைசி ஆண்டு படிக்கிறேன், நன்னடத்தை அலுவலர் ஆக ஆசை, வீட்டில் அது போலீஸ் வேலை என்று பயப்படுகிறார்கள், மேற்கொண்டு குற்றவியலும் படிக்க வேண்டுமா, இந்த வேலையில் யாராவது நிஜமாகவே திருந்துகிறார்களா, இல்லை வெறும் ஃபைல் வேலைதானா?" என்று கேட்டிருக்கிறீர்கள். படிப்பையும் பரீட்சையையும் முன்னால் வைத்தாலும், கடைசியாகக் கேட்டதுதான் உங்களை அரிக்கிற கேள்வி என்று எனக்குப் படுகிறது. வாழ்க்கையில் முப்பது வருடத்தை இதில் போட்டால் அது வீணாகாதா என்கிறீர்கள். நான் தென்மாவட்டங்களில் 26 வருடம் இதே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சட்டத்தில் உள்ளதைச் சட்டம் என்றும், என் அனுபவத்தில் கண்டதை அனுபவம் என்றும் பிரித்தே சொல்கிறேன். இரண்டாவதில் ஊருக்கு ஊர், அலுவலருக்கு அலுவலர் வித்தியாசம் இருக்கும்.

முதலில் வீட்டாரின் பயம். நன்னடத்தை அலுவலர், அதாவது புரொபேஷன் ஆபீசர் (பி.ஓ.), குற்றம் செய்தவரின் வீட்டு நிலவரத்தை விசாரித்துக் கோர்ட்டுக்கு எழுதுபவர், வெளியே விடப்பட்டவரை மேற்பார்வை செய்பவர். இது போலீஸ் வேலை இல்லை. காக்கி கிடையாது, லத்தி கிடையாது, யாரையும் கைது செய்யும் அதிகாரம் கிடையாது. தமிழ்நாட்டில் பெரியவர்கள் வழக்கைப் பார்க்கும் நன்னடத்தைப் பிரிவு சிறைத்துறையின் கீழ் வருவதால், "ஜெயில் டிபார்ட்மென்ட்" என்றதும் வீட்டில் பதறுகிறார்கள். ஆனால் உங்கள் வேலை பெரும்பாலும் மதில் சுவருக்கு வெளியே நடக்கும். 1958-ம் ஆண்டு குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் சொல்வதைச் சுருக்கமாகச் சொன்னால்: மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றம் அல்லாத ஒன்றில் ஒருவர் குற்றவாளி என்று முடிவான பிறகு, அவரை உடனே சிறைக்கு அனுப்பாமல், மூன்று ஆண்டுக்கு மிகாத காலத்துக்கு நன்னடத்தைப் பிணை எழுதி வாங்கிக்கொண்டு வெளியே விடலாம். அதற்கு 4-வது பிரிவு. சிறிய குற்றமாக இருந்து முன்பு தண்டனை எதுவும் இல்லாவிட்டால், கண்டித்து மட்டும் விட்டுவிட 3-வது பிரிவு. 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு 6-வது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஆயுள் தண்டனைக்குரிய குற்றம் இல்லையென்றால், அவர்களைச் சிறைக்கு அனுப்ப நினைக்கும் நீதிபதிதான் ஏன் வேறு வழி பொருந்தாது என்று காரணம் எழுத வேண்டும். அதற்கு முன் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைக் கேட்டு வாங்க வேண்டும்.

அந்த அறிக்கைதான் உங்கள் வேலையின் உயிர்நாடி. கோர்ட்டில் இதை 'பி.ஓ. ரிப்போர்ட்' என்பார்கள். நீதிபதி அந்த மனிதரைக் கூண்டில் சில நிமிடம் பார்த்திருப்பார். போலீஸ் அவர் செய்த குற்றத்தைப் பார்த்தது. வக்கீல் வழக்கைப் பார்த்தார். அவர் குடியிருக்கும் வீட்டை, சாப்பிடும் சோற்றை, அவரை நம்பி இருப்பவர்களைப் போய்ப் பார்த்து வருவது நீங்கள் ஒருவர்தான்.

அடையாளங்களை மாற்றி ஒரு வழக்கைச் சொல்கிறேன். பத்தொன்பது வயதுப் பையன். வயக்காட்டு மோட்டார் ரூமில் செம்புக் கம்பியை அறுத்து விற்றுவிட்டான், குற்றத்தை ஒப்புக்கொண்டான். வீட்டுக்குப் போனேன். அம்மா திண்ணையில் உட்கார்ந்து மடியில் சுளவோடு பீடி சுற்றிக்கொண்டிருந்தார். அப்பா எங்கே, எத்தனை வகுப்பு படித்தான், யாரோடு சேருவான் என்று நான் கேட்கக் கேட்க, முகத்தைப் பார்க்காமல் பதில் சொன்னார். கை மட்டும் நிற்கவே இல்லை. இலையை உருட்டி, நகத்தால் முனையை மடித்து, அடுத்ததை எடுத்துக்கொண்டே இருந்தார். "இதுக்கு முன்னாடி இப்படி ஏதாவது பண்ணியிருக்கானாம்மா?" என்றேன். கை நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, ஒன்பதாவது படிக்கும்போது பக்கத்து வீட்டு சைக்கிளை எடுத்துப் போய் விற்றான், நானே காசைக் கட்டிக் காலில் விழுந்து அடக்கிவிட்டேன் என்றார். போலீஸுக்குத் தெரியாது, ஊரில் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது.

அன்று இரவு அறிக்கை எழுத உட்கார்ந்தவன் வெகுநேரம் பேனாவைத் தொடவில்லை. அந்த சைக்கிளை எழுதினால் பையன் உள்ளே போகலாம். எழுதாமல் விட்டால் கோர்ட்டுக்கு நான் பொய் சொன்னவன் ஆகிறேன். கடைசியில் எழுதினேன். அதோடு, இது வேறு யார் மூலமும் தெரியவரவில்லை, நான் கேட்டதும் தாயே மறைக்காமல் சொன்னார், அன்றைக்கே ஈடு கட்டினார், இந்த வீட்டில் அவனைக் கண்டித்துத் தாங்கிப் பிடிக்க ஒரு ஆள் இருக்கிறார் என்பதற்கு இதுவே சாட்சி என்றும் எழுதினேன். அவன் முன்பு வேலை பார்த்த லேத் பட்டறைக்காரரையும் பார்த்தேன். "திரும்ப வந்தா எடுத்துக்குவேன், சாவிய மட்டும் கையில குடுக்க மாட்டேன்" என்றார். அதையும் அவர் சொன்னபடியே எழுதினேன். தாய்மாமன் ஜாமீன் நின்றார், ஒரு வருட மேற்பார்வையோடு பையனை விட்டார்கள். ஒரு மனிதரை அவர் சூழலோடு புரிந்துகொண்டு உதவுவது என்று நீங்கள் எம்.எஸ்.டபிள்யூ.வில் படித்த 'கேஸ் ஒர்க்' எல்லாம் இந்த வேலையில் வந்து சேரும் இடம் இதுதான். இரக்கம் இருக்க வேண்டும். ஆனால் இரக்கத்துக்காக ஒரு வரியைக்கூட மறைக்கக் கூடாது. ஒரு தடவை மறைத்தது தெரிந்துவிட்டால், அதன்பிறகு நீங்கள் எழுதும் நூறு உண்மையான அறிக்கையையும் அந்தக் கோர்ட் நம்பாது. அதில் அடிபடுவது நீங்கள் மட்டும் இல்லை, அடுத்து வரும் பையன்களும்தான்.

நான் செய்த தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், விலாசம் தெரியாமல் ஒரு டீக்கடையில் நின்று, கையில் கோர்ட் ஃபைலோடு, "இன்னார் வீடு எது, ஒரு கேஸ் விஷயமா வந்திருக்கேன்" என்று கேட்டுவிட்டேன். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. அந்தப் பையனின் அக்காவுக்குப் பேசிக்கொண்டிருந்த சம்பந்தம் அந்த வாரமே நின்றுபோனது. சட்டத்தின் 7-வது பிரிவு அறிக்கையை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. ஆனால் விசாரணை தெருவில்தானே நடக்கிறது? அதை ரகசியமாக வைப்பது நம் நாக்கின் பொறுப்பு. அந்தப் பெண்ணிடம் நான் கேட்ட மன்னிப்பால் எதுவும் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு எந்தக் கிராமத்துக்குப் போனாலும் ஃபைலைப் பையைவிட்டு வெளியே எடுத்ததில்லை. விலாசத்தைத் தபால்காரரிடமோ கிராம உதவியாளரிடமோ கேட்பேன், காரணம் சொல்ல மாட்டேன்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. திருந்துகிறார்களா? அந்த செம்புக் கம்பிப் பையன் முதல் நான்கு மாதம் ஒழுங்காக வந்து கையெழுத்துப் போட்டான். ஐந்தாவது மாதம் ஆளைக் காணோம். பிணை நிபந்தனையை மீறினான் என்று 9-வது பிரிவில் கோர்ட்டுக்கு எழுதியிருக்கலாம். எழுதினால் பழைய குற்றத்துக்கே தண்டனை வரலாம். எழுதும் முன் மாமனைப் பிடித்துக் கேட்டேன். கேரளாவில் ஒரு மில்லில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான், லீவு கேட்டால் வேலை போய்விடும் என்று பயந்து வராமல் இருந்திருக்கிறான். போனில் பேசினேன், மறுவாரம் வந்தான், கோர்ட்டில் மனுப் போட்டு இடமாற்றத்துக்கு அனுமதி வாங்கினோம். பிணைக்காலம் முடியும்வரை அவன் பெயர் வேறு எந்த எஃப்.ஐ.ஆரிலும் வரவில்லை. எனக்கு உறுதியாகத் தெரிந்தது அவ்வளவுதான். அது என் மேற்பார்வையாலா, மில் வேலையாலா, வயது ஏறி அறிவு வந்ததாலா, அம்மாவின் கண்ணீராலா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. "நான் இத்தனை பேரைத் திருத்தினேன்" என்று யாராவது எண்ணிக்கை சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் ஒன்றை அடித்துச் சொல்வேன். பத்தொன்பது வயதில் ஒரு ஆறு மாதம் உள்ளே கிடந்திருந்தால் அவனுக்குக் கிடைக்கும் சிநேகிதம் எப்படிப்பட்டது என்பது எனக்குத் தெரியும். உச்ச நீதிமன்றம் 1964-ல் ரத்தன் லால் வழக்கில் இந்தச் சட்டத்தைத் தண்டனைச் சீர்திருத்தத்தில் ஒரு மைல்கல் என்றது. அந்த வழக்கில் வந்தவன் 16 வயதுப் பையன்.

மறுபக்கமும் உண்டு. நன்னடத்தையில் விடப்பட்டால் குற்றமே துடைக்கப்பட்டுவிடும் என்று குடும்பங்கள் நினைக்கும், சில வக்கீல்களும் அப்படிச் சொல்லி அனுப்புவார்கள். அது சரியில்லை. 12-வது பிரிவு தண்டனையால் வரும் தகுதியிழப்பை மட்டும் நீக்குகிறது. குற்றத்தீர்ப்பு அப்படியே நிற்கும், அரசு ஊழியராக இருந்தால் துறை நடவடிக்கையும் வரலாம். சி.ஆர்.பி.எஃப். காவலர் பக்ஷி ராம் வழக்கில் 1990-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. முதல் நாளே குடும்பத்தை உட்கார வைத்து இதை விளக்கிவிடுங்கள். பின்னால் பாஸ்போர்ட்டிலோ வேலை விண்ணப்பத்திலோ முட்டிக்கொண்டு உங்களிடம் வந்து நிற்பதைவிட அது நல்லது.

சரி, உள்ளே வரும் வழி. நிரந்தரப் பணி என்றால் டி.என்.பி.எஸ்.சி.தான். குரூப் 2 அறிவிக்கைகளில் நன்னடத்தை அலுவலர் பதவி வந்திருக்கிறது. சிறைத்துறைக்கும், சமூகப் பாதுகாப்புத் துறை என்று வெகுகாலம் வழங்கிய, இப்போது குழந்தைகள் நலனைப் பெயரிலேயே கொண்டிருக்கிற துறைக்கும் தனித்தனியாக எடுப்பார்கள். எல்லா அறிவிக்கையிலும் இடம் இருக்காது, இருந்தாலும் கைவிட்டு எண்ணும் அளவுதான். அதனால் இதை மட்டுமே நம்பி வருடக்கணக்காக உட்காராதீர்கள். அறிவிக்கை வந்ததும் அந்தப் பதவிக்கு நேரே போட்டிருக்கும் கல்வித்தகுதிக் குறிப்பை வரி வரியாகப் படியுங்கள், கோச்சிங் சென்டர் சொல்வதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

குற்றவியலும் படிக்க வேண்டுமா என்றால், என் பதில் வேண்டாம் என்பதுதான். சென்னைப் பல்கலைக்கழகத்திலும் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனாரிலும் நல்ல குற்றவியல் துறைகள் உண்டு. அங்கிருந்து வந்தவர்களோடு வேலை பார்த்திருக்கிறேன், சட்டத்தில் எங்களைவிடத் தெளிவாக இருப்பார்கள். இளங்கலையில் நிற்கும் ஒருவர் கேட்டிருந்தால் தாராளமாகப் படியுங்கள் என்றிருப்பேன். எம்.எஸ்.டபிள்யூ.வை முடித்த கையோடு இன்னொரு முதுகலைக்கு இரண்டு வருடம் போடுவதைவிட, அதே காலத்தைக் களத்தில் போடுவது உங்களுக்கு அதிகம் உதவும். இன்னொரு பட்டம் வேண்டும் என்று மனசு கேட்டால் சட்டம் படியுங்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளில் சட்டம் சார்ந்த நன்னடத்தை அலுவலர் என்று ஒரு பணியிடம் உண்டு, அதற்குச் சட்டப் பட்டம் கேட்பார்கள். அதே அலகில் பாதுகாப்பு அலுவலர், சமூகப் பணியாளர் இடங்களுக்கு உங்கள் பட்டமே போதும். எல்லாம் ஒப்பந்தப் பணி, தொகுப்பூதியம். புதுப்பிக்கும் மாதம் வந்தால் வயிற்றில் புளி கரைக்கும். அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் வேலையைக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

காரணம், சிறுவர் வழக்கில் காலக்கெடு கறாரானது. 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி, பிள்ளையை இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் முதலில் நிறுத்திய நாளிலிருந்து 15 நாளுக்குள் சமூக விசாரணை அறிக்கை வந்தாக வேண்டும். குழுமத்தில் ஒரு நீதித்துறை நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள், அந்த இருவரில் ஒருவராவது பெண். அவர்கள் உங்கள் அறிக்கையைக் குடைந்து குடைந்து கேட்பார்கள். விசாரணைக் காலத்தில் சிறுவர்களை வைக்கும் கூர்நோக்கு இல்லத்தில் இருக்கும் பிள்ளையைப் பார்த்து, பள்ளிக்கூடத்துக்குப் போய், வீட்டுக்குப் போய், அப்பா ஒரு ஊரிலும் அம்மா ஒரு ஊரிலும் இருந்தால் இரண்டுக்கும் போய், 15 நாளில் எழுதிப் பழகிவிட்டால், பெரியவர்கள் வழக்கு உங்களுக்கு எளிதாகிவிடும்.

சிறைக்குள்ளே போக மனம் இருந்தால் நல அலுவலர், உளவியலாளர் பணியிடங்கள் உண்டு. உதவி ஜெயிலர் பதவிக்கு டி.என்.பி.எஸ்.சி. தனியாகத் தேர்வு வைக்கிறது, அது சீருடைப் பணி, மனநிலையும் வேறு வேண்டும். வேலூரில் 1979 முதல் இயங்கும் சிறை நிர்வாகப் பயிற்சி நிறுவனத்தில் தென்மாநில அதிகாரிகள் சேர்ந்து பயிற்சி பெறுவார்கள். சிறைப் பணியை நான் வெளியிலிருந்து பார்த்தவன்தான். தண்டனைக் கைதி விடுப்புக் கேட்டால், ஜனங்கள் பரோல் என்பார்கள், வீட்டு நிலவரத்தை விசாரித்து எழுதுவது நாங்கள். அப்படிப் போகும்போது, கைதியின் சம்சாரம் "வர வேண்டாம்னு எழுதுங்க சார்" என்று கதவுக்குப் பின்னால் நின்று சொன்னதும் உண்டு. அதை யார் சொன்னது என்று கைதிக்குத் தெரியாதபடி எழுதுவது ஒரு தனிப் பக்குவம்.

இன்னொரு வழியையும் யோசியுங்கள், உங்கள் ஆசை மனிதர்களைச் சிறைக்கு வெளியே வைப்பதுதான் என்றால். 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் சுமார் 5.73 லட்சம் பேர். அதில் 4.34 லட்சம் பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நான்கில் மூன்று பேர் தீர்ப்பே வராதவர்கள். நன்னடத்தைச் சட்டம் குற்றம் முடிவான பிறகுதான் வேலை செய்யும், இவர்களிடம் எங்களுக்கு வேலையே இல்லை. ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் இல்லாமல் கிடப்பவர், மனு போட்டுச் சிறையில் வந்து பார்க்கக்கூட வீட்டிலிருந்து ஆள் வராதவர், இவர்களுக்கெல்லாம் தேவை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் அதன் சட்டத் தன்னார்வலர்களும்தான். தன்னார்வலர் ஆக வக்கீலாக இருக்க வேண்டியதில்லை, உங்களைப் போன்ற சமூகப்பணி மாணவர்களையும் சேர்க்கிறார்கள். மதிப்பூதியம்தான், பிழைப்புக்கு ஆகாது. ஆனால் ஆறு மாதம் இருந்து பார்த்தால் இந்தத் துறை உங்களுக்கு ஒத்துவருமா என்பது தெரிந்துவிடும்.

வருங்காலம் எப்படி என்றும் யோசிப்பீர்கள். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் சமூக சேவை ஒரு தண்டனையாகவே வந்திருக்கிறது. 5,000 ரூபாய்க்குக் குறைந்த திருட்டில் முதல்முறை சிக்கியவர் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், குடித்துவிட்டுப் பொது இடத்தில் ரகளை செய்தால் என்று ஒரு சில குற்றங்களுக்கு அது பொருந்தும். இது உறுதி. இதனால் நன்னடத்தை அலுவலர் பணியிடங்கள் பெருகும் என்று சிலர் பேசுகிறார்கள், அது வெறும் எதிர்பார்ப்பு. ஆஸ்பத்திரியைக் கூட்டச் சொன்னால் கூட்டினாரா என்று பார்க்க ஒரு ஆள் வேண்டும்தான், அந்த ஆள் எங்கள் துறையாக இருக்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். விருப்பத்தை நம்பி நீங்கள் வாழ்க்கையைத் திட்டமிட வேண்டாம். நம் மாகாணம் 1936-லேயே, நாட்டுக்கு இந்தச் சட்டம் வருவதற்கு 22 வருடம் முன்பே, சென்னை நன்னடத்தைச் சட்டம் கொண்டுவந்த மாகாணம். அப்படியிருந்தும் ஒரு மாவட்டம் முழுவதற்கும் ஒன்றிரண்டு பேராக அலைந்துதான் நான் என் காலத்தை ஓட்டினேன்.

பெண் என்பதால் தனியாக ஊர் ஊராகப் போவது எப்படி என்ற பயம் நியாயமானது. என்னோடு வேலை பார்த்த சகோதரிகள் கடைப்பிடித்ததைச் சொல்கிறேன். முதல் விசாரணைக்குக் காலை பத்து மணி வாக்கில் போவார்கள், இருட்டிய பிறகு எந்த வீட்டுக்கும் போக மாட்டார்கள். போகும் ஊரையும் வீட்டையும் ஆபீஸ் நோட்டில் எழுதிவிட்டுத்தான் கிளம்புவார்கள். உள்ளே கூப்பிட்டாலும் திண்ணையில்தான் உட்காருவார்கள். ஆட்கள் குடித்திருந்தால் பேச்சை வளர்க்காமல் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுவார்கள். போலீஸைத் துணைக்குக் கூட்டிப் போவதை மட்டும் தவிர்ப்பார்கள், போலீஸ் பக்கத்தில் நின்றால் எந்த வீட்டிலும் உண்மை வெளியே வராது. இதில் எனக்குக் கிடைக்காத ஒன்று அவர்களுக்குக் கிடைத்தது. அடுப்படி வரை போய் அம்மாவிடமும் அக்காவிடமும் பேச முடிந்தது. அவர்கள் எழுதிய அறிக்கையில் பல நேரம் என்னுடையதைவிட அதிக விவரம் இருக்கும்.

பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் முன் ஒன்று செய்யுங்கள். உங்கள் ஊர் நடுவர் நீதிமன்றத்துக்கு ஒரு திங்கட்கிழமை காலை பத்தரைக்குப் போய்ப் பின் பெஞ்சில் உட்காருங்கள். திறந்த நீதிமன்றம், யாரும் கேட்க மாட்டார்கள். ஏதாவது ஒரு சின்னத் திருட்டு வழக்கைப் பிடித்துக்கொண்டு, கூண்டில் நிற்பவரையும் கூட வந்திருப்பவர்களையும் மதியம் வரை கவனியுங்கள். வீட்டுக்கு வந்து, நீதிபதிக்கு எழுதுவதாக நினைத்து, பார்த்ததை மட்டும் வைத்து இரண்டு பக்கம் எழுதுங்கள். பிறகு சிவப்பு மையை எடுத்து, கண்ணால் பார்க்காமல் நீங்களாக ஊகித்து எழுதிய ஒவ்வொரு வாக்கியத்தையும் அடியுங்கள். மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். என் முதல் அறிக்கையை என் மேலதிகாரி அப்படித்தான் திருத்தினார், நாலு பக்கத்தில் முக்கால் பக்கம் தேறியது.